ஐ.சி.யூ.வில் ‘சென்ட்ரல் லைன்’: குடும்பத்தார் அறிய வேண்டியவை



“வந்த நோய் குறைந்துவிட்டது, ஆனால் ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்கிறார்களே, அது எப்படி?” ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி இது.

வீரியமான மருந்துகளைக் கையிலுள்ள சிறு நரம்பில் தொடர்ந்து ஏற்ற முடியாது. அதனால் கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய ரத்தக் குழாயில் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்துவார்கள். அதுதான் சென்ட்ரல் லைன். உயிர் காக்கும் அதே குழாய், கிருமிக்கும் வழியாகிவிடலாம். தோலில் உள்ள கிருமி குழாயை ஒட்டி உள்ளே போகும். மருந்து ஏற்றும் மூடியைச் சுத்தமில்லாத கை தொட்டாலும் போகும். குழாய் இருக்கும் நாள் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

இதைத் தடுக்க முடியும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 ஐ.சி.யூ.க்கள் ஐந்து விதிகளைக் கடைப்பிடித்தன: கை கழுவுதல், குழாய் போடும்போது நோயாளியை முழுவதும் மூடுதல், குளோர்ஹெக்சிடின் மருந்தால் தோலைத் துடைத்தல், முடிந்தவரை தொடையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே எடுத்தல். 1000 குழாய் நாட்களுக்குச் சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று, 18 மாதங்களில் 1.4 ஆகக் குறைந்தது. 2006-இல் இது வெளியானது.

நம் நாட்டில் டெல்லி எய்ம்ஸ் தலைமையில் பல மருத்துவமனைகள் 2017 முதல் இதைக் கணக்கெடுக்கின்றன. இங்கே தொற்று 1000 குழாய் நாட்களுக்கு சுமார் 9. அதாவது, 100 பேருக்குப் பத்து நாள் குழாய் இருந்தால் ஏறக்குறைய 9 தொற்றுகள். கொரோனா காலத்தில் இது மேலும் கூடியது. இக்கிருமிகளில் பல, வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு அடங்குவதில்லை. அதனால் ஐ.சி.யூ. நாட்களும் கூடுகின்றன, செலவும் கூடுகிறது. 2012-இல் நம் சென்னையில் கூடிய மருத்துவர்கள், டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று, ‘சென்னை பிரகடனம்’ வெளியிட்டது ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளைக் கட்டுப்படுத்தத்தான்.

நாம் செய்ய வேண்டியவை:

• உள்ளே போகும்போதும் வரும்போதும் சானிடைசர் போடுங்கள். உளூவுடன் இருந்தாலும் இது தேவை.
• குழாயையும் அதன் கட்டையும் தொடாதீர்கள். ஓதிய தண்ணீரோ எண்ணெயோ அதன் அருகே படக் கூடாது.
• நலம் விசாரிப்பது நன்மையான செயல். கூட்டமாகப் போகாமல் ஒருவராகப் போங்கள். வெளியில் இருந்தும் துஆ செய்யலாம்.
• கட்டு நனைந்தாலோ பிரிந்தாலோ, குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.
• தினமும் டாக்டரிடம் பணிவாகக் கேளுங்கள்: “இந்த லைன் இன்றும் தேவையா டாக்டர்?”

இப்படிக் கேட்பது குறை சொல்வதாகாது, நோயாளியின் உரிமை. நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக.