சம்பளமும் ஆசைகளும்

நியமனக் கடிதத்தில் உள்ள ஆண்டுச் சம்பளம் முழுவதும் கைக்கு வருவதில்லை. அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி ஆகியவற்றில் 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் தன் பங்கைச் செலுத்துகிறது. வேலை மாறும்போது இந்த நிதியை எடுத்துச் செலவழிக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுவதே நல்லது. ஐந்தாண்டுப் பணி நிறைவதற்குள் எடுத்தால் வருமான வரியும் விழக்கூடும்.

சென்னையிலோ கோவையிலோ விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கு வாடகை, சாப்பாடு, பஸ் செலவு, வீட்டுக்கு அனுப்பும் பணம் ஆகியவை தள்ளிப்போட முடியாதவை. மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. சம்பளம் வந்த மறுநாளே ஒரு தொகை தொடர் வைப்புக்குத் தானாகப் போகும்படி செய்துவிடலாம். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலேயே ஐந்தாண்டுத் தொடர் வைப்பைத் தொடங்கலாம். வேலை போனாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ சமாளிக்க, மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைச் சேர்ப்பது முதல் இலக்கு. இந்தப் பணம் எளிதில் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

சேமிப்பு என்று நகைச் சீட்டில் சேர்ந்தால், அதற்கு வங்கி வைப்புக்குரிய 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீடு கிடையாது. நகையை விற்கும்போது செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. ஆகவே அணிவதற்கு வாங்கும் நகையை முதலீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

புடவை, கைபேசி, சுற்றுலா போன்ற ஆசைகளுக்கும் மாதந்தோறும் தனித் தொகை ஒதுக்கலாம். அது தீர்ந்தால் அடுத்த மாதம்தான். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் பாக்கிக்கு வட்டி ஏறும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாச் சலுகை போய்விடும்.