விடையை ஒத்துப் பார்க்கும் வேளை

எங்கள் குண்டலுபேட்டைக்கு இருப்புப்பாதை கிடையாது. ரயில்வேயில் எழுத்தராகக் காலந்தள்ளும் நான், பணி முடிந்ததும் பேருந்து ஏறித்தான் வீடு திரும்புகிறேன். உதகைக்கும் கோழிக்கோட்டிற்கும் செல்லும் சாலைகள் பிரியும் ஊராதலால், பேருந்து நிலையத்தில் எந்நேரமும் கூட்டந்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, அக்கூட்டத்தினிடையே நான் கண்ட காட்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அன்று கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வின் முதல் நாள். உயிரியல் பரீட்சை எழுதித் திரும்பிய ஐந்தாறு பிள்ளைகள் இளநீர்க் கடையோரம் வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தனர். என் தமக்கை மகளும் அவர்களுள் ஒருத்தி. தமிழும் கன்னடமும் கலந்த அந்த வாதம் இளநீரைப் பற்றியதே. தேங்காயின் உள்ளிருக்கும் நீர் எவ்வகைக் கருவூண் என்பது வினா. வழுக்கையும் நீரும் ஒன்றே எனக் கருதி, செல்களால் ஆன கருவூண் என்று இவள் குறித்துவிட்டாள். "வழுக்கைதான் செல்களால் ஆனது, நீரில் தனித்தனி உட்கருக்களே மிதக்கின்றன" என்று ஒரு பையன் பாடநூலைப் பிரித்துக் காட்டினான். அவன் சொன்னதே சரி.

பெண்ணின் முகம் வாடிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு வினாவாகப் பார்த்தனர். ஒவ்வொன்றிலும் அவளுக்கு ஐயம் பிறந்தது. வீட்டிற்கு வந்தவள் உணவைத் தொடவில்லை. "மாமா, வேளாண்மைப் படிப்பில் எனக்கு இனி இடமே கிடைக்காது" என்று இரவெல்லாம் அழுதாள். மறுநாள் பௌதிகமும் இரசாயனமும் எழுத வேண்டியிருந்தது. வீங்கிய கண்களோடு சென்று எழுதியவள், நன்கு தெரிந்த கணக்குகளையே பிழையாகப் போட்டதாகப் பின்னர் கூறினாள். உயிரியலில் போனது ஒரு மதிப்பெண். அந்த ஒன்றை எண்ணி மறுநாள் போனவை பல. அவள் விரும்பிய இடம் அவ்வாண்டு கிடைக்கவில்லை.

இதில் குற்றம் பிள்ளைகளுடையது மட்டுமன்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டு வாசற்படி ஏறுமுன்னரே, "எத்தனை சரி வரும்?" என்று அவளைக் கேட்டவன் நானே. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு, அவள் படித்துப் பட்டம் பெறவேண்டும் என்ற ஆவல். ஆவல் அவசரமாயிற்று. நம் வீடுகள் பலவற்றிலும் இதுவே வழக்கம் என்பதை அன்பர்கள் மறுக்கமாட்டார்கள்.

பயணச்சீட்டு வழங்கும் இடத்தில் நாங்களும் கணக்கை ஒத்துப் பார்ப்பதுண்டு. விற்ற சீட்டுக்கும் பெட்டியிலுள்ள ரொக்கத்திற்கும் ஒரு ரூபாய் வேறுபட்டாலும் விடமாட்டோம். ஆனால் அதற்குரிய வேளை, பணி முடியும் வேளை. வண்டி வந்து நிற்க, சாளரத்தின் முன் வரிசை நீண்டிருக்கையில் எவரும் பழைய கணக்கைக் கிளறுவதில்லை. கிளறினால் புதுப் பிழைகள்தாம் விளையும்.

அவ்வாறாயின் விடைகளை ஒத்துப் பார்ப்பதே தவறா? அன்று. கேட்டவர்களே பிழை செய்வதும் உண்டு. 2024 ஏப்ரல் 18, 19 ஆகிய நாட்களில் நடந்த கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வில், பாடத்திட்டத்திற்குப் புறம்பான வினாக்கள் வந்துள்ளன என மாணவரும் ஆசிரியரும் முறையிட்டனர். நிபுணர்கள் ஆராய்ந்த பின்னர் 50 வினாக்கள் நீக்கப்பட்டன. உயிரியலில் மட்டும் 60 வினாக்களில் 11 நீங்கின. அந்தப் பதினொன்றை எண்ணிக் கண்ணீர் வடித்த பிள்ளைகள் எத்தனை பேரோ! அவர்கள் அழுதது கணக்கிலேயே வராத வினாக்களுக்காக.

மற்றொன்றும் நினைவிற்கு வருகிறது. 2018 மே 6-ஆம் நாள் நடந்த நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன என்று வழக்குத் தொடரப்பட்டது. 'சிறுத்தை' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்றிருந்ததாம். அவ்வினாக்களுக்காக 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலை 10-ஆம் நாள் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அம்மாதமே அதற்குத் தடை விதித்து, நவம்பர் 22-இல் ஆணையை ரத்துச் செய்துவிட்டது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது அத்தேர்வின் விதி. கன்னடத்தில் எழுதும் நம் பிள்ளைகளும் ஐயம் தோன்றிய இடத்தில் ஆங்கில வாசகத்தையும் பார்த்துக்கொள்வது நலம்.

ஆகவே பெற்றோர்க்குச் சில சொல்வேன். கடைசிப் பரீட்சை முடியும்வரை விடையைப் பற்றிய பேச்சே வீட்டில் வேண்டாம். முடிந்தபின் தோழர் சொல்லை மட்டும் நம்பாமல், பாடநூலின் பக்கத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தேர்வு நடத்துவோர் முதலில் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடுவர். அது தவறெனத் தோன்றினால், குறித்த நாளுக்குள் ஆதாரத்தோடு ஆட்சேபம் தெரிவிக்கலாம். நீட் தேர்வில் இதற்கு வினா ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் வாங்கி வந்துள்ளனர். அங்கே சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 கழியும். 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கே 360 என்பதால், நியாயமான ஆட்சேபம் வீண்போகாது. அழுகையால் ஆகாதது மனுவால் ஆகக்கூடும்.

என் தமக்கை மகள் இப்போது மைசூரில் தாவரவியல் பயில்கிறாள். இளநீரைப் பார்த்தால் சிரித்துக்கொள்கிறாள். அடுத்து அவள் தம்பி தேர்வெழுத வேண்டிய முறை. அவன் பரீட்சை எழுதித் திரும்பும் நாளில் நான் கேட்கப்போகும் கேள்வி ஒன்றே: "சாப்பிட்டாயா, தம்பி?"