காலதரும் கண்ணாடிச் சுவரும்

சிலப்பதிகாரம் பயின்றோர் காலதர் என்னும் சொல்லை அறிவர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலத்து ‘விண்டோ’வும் காற்றின் கண் எனப் பொருள்படும் பழைய நோர்சு மொழிச் சொல்லின் வழிவந்ததே. இருசாராரும் வெளிச்சத்தை விடுத்துக் காற்றையே எண்ணிப் பெயரிட்டமை நோக்கத்தக்கது. நாமோ காலதரை நூலிலே விட்டுப் போர்த்துக்கேயர் தந்த யன்னலை ஏற்றோம். இன்று அதனையும் இறுக மூடிக் கண்ணாடிச் சுவருக்குள்ளே குளிரூட்டி, அத்தகைய கந்தோருக்குப் ‘பசுமைக் கட்டடம்’ எனப் பட்டமும் சூட்டுகின்றோம். மின்விசையைச் சிக்கனப்படுத்துதல் நன்றே. எதனைக் குறைத்து அச்சிக்கனம் பெறப்பட்டது என்பதே என் வினா.

இவ்வினா புதியதன்று. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின், அமெரிக்கர் செலவுக்கு அஞ்சிக் கட்டடங்களை அடைத்தனர். 1981ஆம் ஆண்டு நியமப்படி, புகைபிடித்தலில்லாக் கந்தோரில் ஆளொருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்றே போதுமெனப்பட்டது. தலைவலி, கண்ணெரிவு, தொண்டை வறட்சி, சோர்வு ஆகியன பெருகின. வேலைவிட்டு வெளியேறியதும் நீங்கின. இதனை ‘நோயுற்ற கட்டட’ நோய் என்றனர். நோயுற்றவர் மனிதர், பெயர் பெற்றது கட்டடம்! 1989இல் அவ்வளவு 20 கன அடியாக உயர்ந்தது.

அதுதானும் போதுமா? 2014இல் சிரக்கியூசு நகரிலே ஹாவார்டு ஆய்வாளர் 24 பேரை ஆறு நாள் ஆய்வுக் கந்தோரொன்றில் வேலைசெய்ய வைத்து, அவர்க்கு அறிவியாமலே காற்றின் தன்மையை மாற்றினர். பூச்சு, பசை முதலியவற்றினின்று எழுவன போன்ற ஆவிகள் மிகுந்த நாளிலும் பார்க்க, அவை குறைந்த நாளிலே சிந்தனைத் திறனுக்கான புள்ளிகள் 61 வீதம் உயர்ந்திருந்தன. வெளிக்காற்றையும் 40 கன அடியாக்கியபோது உயர்வு 101 வீதம். காபனீரொட்சைட்டை மட்டும் கூட்டியபோதும் புள்ளிகள் சரிந்தன. நெருக்கடியில் முடிவெடுக்கும் ஆற்றலே மிகுதியும் வேறுபட்டவற்றுள் ஒன்று. 24 பேர் சிறு தொகைதான். ஆயினும், பிற்பகல் வகுப்பிலே மாணவர் கண் செருகக் கண்ட ஆசிரியர் எவரும் இம்முடிவை எளிதில் தள்ளார்.

யன்னலைத் திறந்துவிட்டால் தீருமோ எனின், வாகனப் புகை சூழ்ந்த கொழும்பு வீதியில் அது முழு விடையாகாது. வடிகட்டிய வெளிக்காற்றை வேண்டுமளவு உட்செலுத்த வேண்டும். அதற்கு மின்விசை செலவாகும். பசுமைக் கணக்கில் அச்செலவையும் மறைக்காது எழுதவேண்டும்.

என்னிடம் பயின்றவரொருவர் அத்தகைய கந்தோரொன்றிலே பணிபுரிகின்றார். பிற்பகல் மூன்று மணியானால் தலை கனக்கின்றது என்பார். வாயிலிலே பசுமைச் சான்றிதழ் தொங்குகின்றதாம். ஆளுக்கு எத்தனை கன அடி வெளிக்காற்று வருகின்றதென்று மேலாளரைக் கேட்குமாறு சொல்லியனுப்பினேன். கேட்டிருக்கின்றார்; மறுமொழி இன்னும் வரவில்லை.