களைக்கருவிக்கு ஒரு சாம்பல் நிறத் தோல்

மண்ணைப் பற்றியும் விதையைப் பற்றியும் இந்த இதழில் நிறையப் பேசியிருக்கிறோம். இரும்பைப் பற்றிப் பேசியது குறைவு. ஆனால் களைக்கொல்லி வேண்டாம் என்று முடிவெடுத்த நாளிலிருந்து நம் களையெடுப்பு முழுக்க இரும்பை நம்பித்தான் நடக்கிறது.

ஆரணிப் பக்கம் ஒற்றை நாற்று நடவு செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நட்ட பத்து, பன்னிரண்டாம் நாள் கோனோவீடரை இறக்க வேண்டும். அப்புறம் பத்து நாளைக்கு ஒரு தரம். அந்த நாளில் உருளை சுற்றவில்லை என்றால் களை நம்மை முந்திவிடும். சுற்றாமல் போகப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். போன பட்டத்தில் சேற்றோடு சாத்தி வைத்த கருவியில் அச்சுத்தண்டும் போல்ட்டும் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். அடித்துக் கழற்றினால் போல்ட்டின் தலை முறியும். கடையில் வரும் கருவிக்குப் பூசியிருப்பது வெறும் பெயிண்ட். இரும்போடு இரும்பு உரசுகிற இடத்தில் அது முதல் நாளே போய்விடும்.

இப்படி உரசுகிற இடத்துக்கென்றே நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு முறை இருக்கிறது: பாஸ்பேட் பூச்சு. இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் 1906இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிறகு அமெரிக்காவில் பார்க்கர் என்பவரின் கம்பெனி 1915இல் தொடங்கி இதைப் பெரிய தொழிலாக்கியது. அதனால்தான் இதற்குப் 'பார்க்கரைசிங்' என்ற பேரும் வந்தது. துப்பாக்கி, மோட்டார் உதிரிபாகம் எல்லாவற்றுக்கும் இது உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் வைத்திருக்கும் மங்கலான கறுப்புத் திருகாணி இருக்கிறதே, பெரும்பாலும் அதன் மேலே இருப்பது இந்தப் பூச்சுதான்.

இது பெயிண்ட் மாதிரி மேலே ஒட்டுவதில்லை. நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் இரும்பைப் போட்டுச் சூடாக்கினால் மேற்பரப்பு கொஞ்சம் கரையும். கரைகிற இடத்தில் அமிலத்தின் காரம் குறையும். உடனே தண்ணீரில் கரையாத பாஸ்பேட் நுண்ணிய படிகங்களாக அந்த இரும்பின் மேலேயே படியும். இரும்பிலிருந்தே விளைந்த தோல் என்று சொல்லலாம்.

டெல்லி இரும்புத் தூணைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். சுமார் 1,600 வருஷமாக மழையில் நிற்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் அதை ஆராய்ந்து காரணத்தை எழுதினார். பழைய முறையில் மரக்கரியில் உருக்கியதாலும் சுண்ணாம்பு சேர்க்காததாலும் அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், ஏறக்குறைய 0.25 சதவீதம். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, அந்தப் பாஸ்பரஸ் மேலே ஒரு பாஸ்பேட் படலத்தை உண்டாக்கிவிட்டது. இன்றைய உருக்கில் பாஸ்பரஸை வேண்டாத பொருளாகக் கருதி வெளியேற்றிவிடுகிறார்கள். அதனால் நம் கருவிக்கு வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

நான் சம்பாவுக்கு முன்னால் ஒரு கோனோவீடரின் அச்சுத்தண்டு, போல்ட்டு, நட்டு, கூடவே இரண்டு கதிர் அருவாள் எடுத்துச் செய்து பார்த்தேன்.

முதல் வேலை சுத்தம் செய்வது. பாதி வேலையே அதுதான். புளிக்கரைசலில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் பழைய துரு போகும். பிறகு சலவை சோடா போட்டுக் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் பரவ வேண்டும். அதுதான் அடையாளம். அதற்கப்புறம் வெறுங்கையால் தொடாதீர்கள்.

குளியலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 20 மில்லி பாஸ்பாரிக் அமிலம் (85 சதவீதம்). தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. கக்கூஸ் கழுவுகிற ஆசிட் வேறு, அது இதற்கு ஆகாது. எவர்சில்வர் பாத்திரம் போதும், அலுமினியம் கூடாது. அந்தப் பாத்திரம் மறுபடி சமையல்கட்டுக்குப் போகக்கூடாது. லேத் பட்டறையில் விழும் இரும்புத் தூளைப் பிசுக்குப் போகக் கழுவி, ஒரு பிடி முதலில் போட்டுக் கரையவிட வேண்டும். தொழிற்சாலையில் மாங்கனீசோ துத்தநாகமோ சேர்ப்பார்கள். மாங்கனீசு சேர்த்தால் அரை மணியில் முடிகிற வேலை, வெறும் இரும்புத்தூளில் ஒரு மணி, இரண்டு மணி ஆகும். ஆகட்டுமே. மாங்கனீசுக்காக டார்ச் பேட்டரியை உடைக்கிற வேலை மட்டும் வேண்டாம். அதற்குள் வேறு என்னென்னவோ இருக்கிறது.

சூடு 90 டிகிரி பக்கம் இருக்க வேண்டும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. பொருளைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் நுரை நுரையாகக் குமிழி வரும். அது ஹைட்ரஜன் வாயு. அதனால் வீட்டுக்குள் செய்யாதீர்கள். மூடி போடாதீர்கள். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். நான் களத்து மேட்டில் அடுப்பு மூட்டியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து எட்டிப் பார்த்து, "இன்னாடா இது, போல்ட்டுல கொழம்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

குமிழி நின்றால் எடுத்துச் சுடுதண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்தேன். தேய்த்த சிலேட்டு மாதிரி சாம்பல் நிறம். இங்கேதான் நிறையப் பேர் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பாஸ்பேட் படிகங்களுக்கு நடுவே சந்து சந்தாக இடைவெளி இருக்கும். அப்படியே விட்டால் துருப்பிடிக்கும். அந்தச் சந்தில் எண்ணெய் இறங்கி உட்கார வேண்டும். காப்பது எண்ணெய், பாஸ்பேட் அதைப் பிடித்து வைக்கிற பஞ்சு. சூடு ஆறுவதற்குள் புங்கன் எண்ணெய் தடவினேன். பட்டறைக் கழிவு ஆயிலைத் தடவுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. சேற்றில் இறங்குகிற கருவிக்கு அது வேண்டவே வேண்டாம்.

சம்பா முடிந்து கழற்றியபோது அச்சுத்தண்டும் போல்ட்டுகளும் ஸ்பேனருக்கு முனகாமல் வந்தன. அருவாளில் கதை வேறு. வெட்டுவாயை அரத்தால் தீட்டினதுமே அங்கே பூச்சு போய்விட்டது. உருளையின் பற்களுக்கும் அப்படித்தான் ஆகும். மண்ணோடு தேய்கிற இடத்துக்கு இந்த வேலை வீண். அதற்கு அன்றன்றைக்குக் கழுவித் துடைத்து எண்ணெய் போடுவதுதான் வழி. மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மின்னும் முலாம் போட்ட போல்ட்டையும் போடாதீர்கள், முலாம் அமிலத்தில் கரைந்துவிடும். ஸ்பிரிங், ரொம்பக் கடினமான போல்ட்டு இவை ஹைட்ரஜனை உள்ளிழுத்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடலாம்.

சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் பக்கம் தறியும் நிலமும் சேர்ந்தே உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. "தறிச் சாமானுக்கும் செய்யலாமா?" என்று ஒருவர் கேட்டார். பட்டு இழை உரசுகிற அச்சுப் பல்லுக்குக் கண்டிப்பாகக் கூடாது. படிகம் சொரசொரப்பானது, இழையைப் பிடித்து இழுக்கும். எண்ணெய்க் கறையும் படும். ஆனால் ஜக்கார்டு கயிறுகளுக்குக் கீழே தொங்கும் இரும்புக் குச்சிகள் குழியின் ஈரத்தில் துருவேறும். அந்தத் துரு உதிர்ந்து புடவையில் பட்டால் கறை போகாது. அவற்றுக்குச் செய்து, எண்ணெய்க்குப் பதில் தேன்மெழுகை உருக்கித் தேய்த்தால் கையிலும் ஒட்டாது.

கடைசியாக மீந்த குளியல். "பாஸ்பேட் தானே, வயலுக்கு உரமாச்சே" என்று சிலருக்குத் தோன்றும். ஊற்றாதீர்கள். அதில் பிசுக்கும், முலாமிலிருந்து கரைந்த உலோகமும் கலந்திருக்கலாம். அமிலத்தை நாம் நிலத்துக்கு இடுபொருளாக ஏற்பதும் இல்லை. கால்வாயில் விட்டால் கமண்டல நாகநதி வரைக்கும் போகும். ஆறவிட்டு, சுண்ணாம்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கினால் வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கும். லிட்மஸ் தாள் சிவப்பாக மாறாத வரைக்கும் சேர்க்க வேண்டும். நான் தெளிந்த நீரைப் பழைய தொட்டியில் ஊற்றிக் காயவிட்டேன். வண்டலை சிமெண்டோடு பிசைந்து களத்து ஓரத்தில் ஒரு கல்லாக வார்த்துவிட்டேன். குளியலை இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம் என்பதால், நாலு வீட்டுச் சாமானைச் சேர்த்து ஒரே நாளில் செய்தால் கழிவும் குறையும், விறகும் மிச்சம்.