செல்போன் ஆலையில் மணிக்கட்டுப் பட்டை எதற்கு?

விடிவதற்குள் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்கள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். அவற்றில் வந்து இறங்கும் இளம்பெண்களில் பலர் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்காரர்கள். அசெம்பிளி மேஜையில் கை வைக்கும் முன் அவர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிக்கொள்வார்கள். அதன் ஒயர் எர்த்துக்குப் போகும். 2006-ல் இங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா 2014-ல் மூடியது. இன்று ஃபாக்ஸ்கானில் ஐபோன் தயாராகிறது. பெயர்ப்பலகைகள் மாறினாலும் எதிரி மாறவில்லை: நிலைமின்சாரம்.

நடந்தாலே, உடை உரசினாலே உடம்பில் நிலைமின்சாரம் சேரும். சுமார் 3,000 வோல்ட்டைத் தொட்டால்தான் நமக்குச் 'சுரீர்' என்று தெரியும். சில சிப்களுக்கோ 100 வோல்ட்டுக்குக் கீழேயே ஆபத்து. தொட்டவருக்கே தெரியாமல் சிப் அடிவாங்கிவிடும். கொடுமை என்னவென்றால், சில நேரம் அது உடனே சாகாது. சோதனையில் பாஸாகி, வாங்கியவர் கையில் சில மாதம் கழித்துப் படுத்துவிடும். வெளியே ஈரக்காற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஏசி அறையின் வறண்ட காற்றில்தான் அதிகம்.

உடம்பில் சேர்ந்ததைப் பட்டை பூமிக்கு அனுப்பிவிடும். பிளாஸ்டிக் டிரே? மின்சாரத்தைக் கடத்தாத பொருளை எர்த் செய்து பயனில்லை. அங்கேதான் மேஜைக்கு மேலே குட்டி ஃபேன்போல ஓடும் 'அயனைசர்' உதவிக்கு வருகிறது.

அணுவில் எத்தனை புரோட்டானோ அத்தனை எலெக்ட்ரான். கணக்கு நேராக இருப்பதால் மின்னூட்டம் இல்லை. ஒரு எலெக்ட்ரானை இழந்தால் அது நேர்மின் அயனி. ஒன்று கூடுதலாக வந்து சேர்ந்தால் எதிர்மின் அயனி. புரோட்டான் கருவை விட்டு நகராது, போக்குவரத்தெல்லாம் எலெக்ட்ரானுக்குத்தான். அடுக்களை உப்பிலும் இதே கதை. சோடியம் தன் 11 எலெக்ட்ரான்களில் ஒன்றை விட்டுக்கொடுக்க, 17 வைத்திருக்கும் குளோரின் அதை வாங்கிக்கொள்கிறது.

அயனைசரின் ஊசிமுனைகளில் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். அருகே வரும் காற்று மூலக்கூறுகளில் சில எலெக்ட்ரானை இழக்கும், சில பெறும். ஃபேன் இரண்டையும் சேர்த்து ஊதும். டிரேயில் எந்த மின்னூட்டம் இருக்கிறதோ, அதற்கு எதிரான அயனிகள் போய் ஒட்டிக் கணக்கைத் தீர்த்துவிடும்.

ஊசியில் தூசு படிந்தால்தான் வம்பு. இரு வகை அயனிகளில் ஒன்று கூடிப்போய், ஃபேனே டிரேக்கு மின்னூட்டம் ஏற்றிவிடும். அதனால் ஊசிகளைத் துடைப்பதும், மீட்டர் வைத்துப் பார்ப்பதும் அங்கே வழக்கமான வேலை.