மாவை ஒருமுறை அரைத்தால் போதாதா?

சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் வடக்கே சென்றால் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியை அடையலாம். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் கணிப்பொறிகளை இணைக்கும் சுவிட்சுகள் 300 என்று வைத்துக்கொள்வோம். கண்காணிப்புக் கணிப்பொறி ஒன்று நிமிடத்திற்கொரு முறை ஒவ்வொரு சுவிட்சையும் நலம் விசாரிக்கிறது.

இந்த விசாரிப்புக்கு எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை பயன்படுகிறது. கேட்பவர் உரியவர்தாமா என்பதை அதன் மூன்றாம் பதிப்பு கடவுச்சொல்லைக் கொண்டு உறுதி செய்துகொள்கிறது.

ஆனால் கடவுச்சொல் அப்படியே பயன்படுவதில்லை. அதைத் திரும்பத் திரும்ப அடுக்கி 10,48,576 பைட்டு நீளமாக்க வேண்டும். பிறகு எம்.டி.5 அல்லது எஸ்.எச்.ஏ.1 என்னும் 'ஹாஷ்' முறையில் அரைத்து, ஒரு சிறு சாவியாக்க வேண்டும். 2002-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3414 என்னும் ஆவணத்தில் உள்ள விதி இது.

ஏன் இவ்வளவு பாடு என்கிறீர்களா? கடவுச்சொல்லை ஊகிக்க முயலும் திருடன், ஒவ்வோர் ஊகத்திற்கும் இதே வேலையைச் செய்தாக வேண்டும். தாமதமே இங்கு காவல்!

இவ்விரு முறைகளும் 64 பைட்டுத் துண்டுகளாகவே அரைக்கின்றன. ஒரு சாவிக்கு ஏறத்தாழ 16,384 துண்டுகள். ஒவ்வொரு விசாரிப்புக்கும் மென்பொருள் புதிதாக அரைத்தால், நிமிடந்தோறும் ஏறத்தாழ 49 இலட்சம் துண்டுகள்! மையச் செயலகம் திணறும், விசாரிப்பு பின்தங்கும், ஒரு சுவிட்சு பழுதானாலும் செய்தி தாமதமாகவே வரும்.

இதற்கு வழி என்ன? நம் வீட்டில் ஒவ்வோர் இட்லிக்கும் தனித்தனியே மாவு அரைக்கிறோமா? இங்கும் அப்படித்தான். நீண்ட அரைப்பு கடவுச்சொல்லை மட்டுமே பொறுத்தது, சுவிட்சைப் பொறுத்ததன்று. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் என்றால் ஒருமுறை அரைத்தால் போதும். அந்தச் சாவியுடன் ஒவ்வொரு சுவிட்சின் அடையாள எண்ணையும் சேர்த்து மீண்டும் சிறிதளவு அரைத்தால், அச்சுவிட்சுக்கே உரிய தனிச்சாவி கிடைக்கும். இதற்கு ஒன்றிரண்டு துண்டுகளே தேவை. ஒரு சுவிட்சின் சாவி திருடு போனாலும் அது மற்றவற்றைத் திறக்காது.

தனிச்சாவிகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டால், பிறகு ஒவ்வொரு செய்திக்கும் சிறு கணக்கு மட்டுமே மிஞ்சும். கடவுச்சொல் மாறும்போது மீண்டும் அரைத்தால் போதும்.

ஒன்றை மறவாதீர்கள். சுமையைக் குறைப்பதற்காக நீண்ட அரைப்பையே கைவிட்டால், திருடனின் வேலையையும் நாமே எளிதாக்கியவர்கள் ஆவோம். சேமித்த சாவியையும் கடவுச்சொல்லைப் போலவே காக்க வேண்டும். குறைக்க வேண்டியது காவலை அன்று. செய்ததையே திரும்பச் செய்யும் வீண் உழைப்பை!