இழுக்காத அலகு, எரியாத முகம்

கடந்த மாரிகாலத்தில் வன்னியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரர் 2009 ஆம் ஆண்டு ஷெல் வீச்சில் இரு கைகளையும் முழங்கைக்குக் கீழே இழந்தவர். மனைவி தையல் தைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். தையல் இயந்திரக் கடன் சம்பந்தமாகத்தான் நான் போனேன். கதை வேறு பக்கம் திரும்பியது. அவரது தாடி நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூத்த மகளின் சாமத்தியச் சடங்குக்கு ஒரு கிழமைதான் இருந்தது.

“சலூனுக்குப் போனால் சனம் பார்க்குது எண்டு இவர் வரமாட்டார் மிஸ். நான் வழிச்சுவிட்டால் எரியுது எண்டு கத்துறார். போன முறை நாடியில இரத்தம் வந்த பிறகு நான் றேசரைத் தொடவே இல்லை. இந்தக் கோலத்தில சபைக்கு வரமாட்டன் எண்டு இப்ப சொல்லுறார். பிள்ளை அழுகுது.”

அந்தப் பிளேட்டைக் காட்டுங்கள் என்றேன். தையல் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். தைத்த துணியைப் பிரிப்பதும் அதனால்தான். நூல் அறுப்பதும் அதனால்தான். பிள்ளைகளுக்கு நகம் வெட்டுவதும் அதே பிளேட்டால்தான். ஓரத்தில் கறள் பிடித்திருந்தது. “ஒண்டு வாங்கினால் ரெண்டு மாதம் ஓடும்” என்றார்.

கோளாறு அவரது கையில் இருக்கவில்லை, அந்த அலகில் இருந்தது.

எமது குடும்பங்களில் ஒரு பெண்ணுக்கு முகச்சவரம் செய்யக் கற்றுக்கொடுப்பவர் யாருமில்லை. அது ஆண்கள் தாமே செய்துகொள்ளும் வேலை. இன்னொரு புறம், அதை ஒரு குறித்த சமூகத்தவரின் குலத்தொழில் என்று ஒதுக்கிவைத்துப் பழகிய ஊர்கள் எமது ஊர்கள். சமூகவியல் படித்தபோது இதைப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். அதன் விளைவை அந்த வீட்டு விறாந்தையில்தான் கண்டேன். போர் இந்த வேலையை எத்தனையோ பெண்களின் கையில் தந்துவிட்டுப் போயிருக்கிறது. கையிழந்த கணவர், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட மகன், பாரிசவாதத்தால் படுத்திருக்கும் தகப்பன் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவர். ஆகவே இதை முறையாக அறிந்துகொள்வது நல்லது.

அலகைத் தெரிவது எப்படி?

இருபக்கமும் கூருள்ள மெல்லிய அலகை அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1903 இல் விற்பனைக்கு விட்டார். அந்த ஆண்டு விற்ற றேசர்கள் வெறும் 51. இன்றுவரை அலகின் அமைப்பு பெரிதாக மாறவில்லை. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குதான்.

ஆரம்பகால அலகுகள் சாதாரண உருக்கினால் ஆனவை. ஈரம் பட்டால் விரைவில் கறள் ஏறும். 1960களின் தொடக்கத்தில் கறள் ஏறாத ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் அலகுகள் பரவலாக வந்தன. அவற்றின் கூரிலே தோலில் வழுக்கிச் செல்வதற்காக மிக மெல்லிய பூச்சு ஒன்று இடப்படுகிறது. எனவே கடையில் பெட்டியை வாங்கிப் பாருங்கள். ‘ஸ்ரெயின்லெஸ்’ என்று எழுதியிருக்க வேண்டும். ‘பிளாற்றினம்’ அல்லது ‘குரோமியம்’ என்றும் இருந்தால் கூரிலே அந்த உலோகப் பூச்சும் உண்டு என்று அர்த்தம். பெட்டி பிரிக்கப்படாமலும் ஒவ்வொரு அலகும் தனித்தனித் தாளில் சுற்றியும் இருக்க வேண்டும். உதிரியாக விற்கும் அலகை வாங்காதீர்கள்.

எல்லா அலகும் எல்லா முகத்துக்கும் ஒத்துவராது. சில அலகுகள் மிகக் கூர்மையானவை. யப்பானின் ‘ஃபெதர்’ அலகு இதற்குப் பெயர்போனது. முடி தடித்தும் அடர்ந்தும் இருந்தால் கூரான அலகே சுகம். மழுங்கல் அலகு முடியை வெட்டாமல் இழுக்கும். இழுப்பதால் நாம் அழுத்துவோம், அழுத்துவதால் வெட்டும். தோல் மெல்லியதாகவும் முடி ஐதாகவும் உள்ள வயோதிபருக்கு மென்மையான அலகு போதும். கை இன்னும் பழகாதவர்களும் மென்மையானதில் தொடங்கலாம்.

எது ஒத்துவரும் என்பதைப் பரீட்சித்துத்தான் அறிய வேண்டும். சிறிய பெட்டியாக இரண்டு வகை வாங்குங்கள். அதே றேசர், அதே சவர்க்காரம், அலகு மட்டும் வேறு. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை பயன்படுத்திவிட்டு, எது எரிந்தது, எது இழுத்தது என்று அவரிடமே கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் காரணம் பிடிபடாது.

ஓர் அலகு எத்தனை நாளைக்கு?

பொதுவாக மூன்று முதல் ஐந்து சவரம் வரை. இழுக்கத் தொடங்கிய உடனே கழித்துவிடுங்கள். முடியை விட அலகின் உருக்கு சுமார் 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் முடியே கூரைச் சில்லுச் சில்லாக உடைக்கிறது என்பதை மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020 இல் நுணுக்குக்காட்டியின் கீழ் கண்டறிந்தார்கள். முடிக்கே உடைகிற கூரை நகத்திலும் தையல் நூலிலும் போட்டால் என்னவாகும்? தையலுக்கு வேறு, சவரத்துக்கு வேறு அலகு வைத்திருங்கள். சவரம் முடிந்ததும் தண்ணீரில் அலசி, உதறிக் காயவையுங்கள். கூரைத் துணியால் துடைக்காதீர்கள். துணியோடு கூரும் போகும், விரலும் வெட்டும்.

வழிக்கும் முறை

நீண்ட தாடியை முதலில் கத்தரிக்கோலால் ஒட்டக் கத்தரியுங்கள். நேரே றேசர் வைத்தால் நோகத்தான் செய்யும். பிறகு இளஞ்சூடான தண்ணீரில் துவாயை நனைத்துப் பிழிந்து, மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். தண்ணீர் குடித்த முடி மெதுமையாகும், சிறு விசையிலேயே வெட்டுப்படும். ஈரத்தோடு சவர்க்காரத்தையோ சவரக் களிம்பையோ நுரைக்கப் பூசுங்கள்.

அலகைக் கூரில்லாத இரு குறுகிய ஓரங்களில் பிடித்து றேசரில் வைத்து இறுக்குங்கள். இரு பக்கமும் ஒரே அளவாக வெளியே தெரிய வேண்டும். பிடியைச் சுமார் 30 பாகை சரித்து, மற்றக் கையால் தோலை மெதுவாக இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசையிலேயே சிறு சிறு இழுப்பாக வழியுங்கள். அழுத்த வேண்டாம், றேசரின் பாரமே போதும். கழுத்தில் முடி பல திசையில் வளரும். விரலால் தடவிப் பார்த்துவிட்டு வழியுங்கள். எதிர்த்திசையில் வழித்தால் முடி தோலுக்குள் சுருண்டு பருவாகும். முடிவில் குளிர்ந்த தண்ணீரால் கழுவுங்கள். சிறு கீறலுக்கு நனைத்த படிகாரத் துண்டை ஒற்றினால் இரத்தம் நிற்கும்.

எமது வீடுகளுக்கென்று சில கவனங்கள்

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குக் கால்களில் சூடு தெரியாது. சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை ஒருபோதும் அவர் மடியில் வைக்காதீர்கள். கொட்டினாலும் அவர் அறியமாட்டார். தோல் வெந்தபின்தான் நீங்கள் காண்பீர்கள். முடியுமானவரை அவரை நிமிர்த்தி இருத்தி வழியுங்கள்.

பாரிசவாதம் வந்தவருக்கு முகத்தின் ஒரு பக்கம் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அந்தப் பக்கம் வெட்டினால் சொல்லமாட்டார். நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தடித்த தழும்பின் மேலும், தோலுக்கடியில் ஷெல் பீஸ் தட்டுப்படும் இடத்திலும் அலகு வைக்க வேண்டாம். அங்கே கத்தரிக்கோல் போதும்.

அஸ்பிரின், வோபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவருக்குச் சிறு வெட்டும் நெடுநேரம் வடியும். அவர்களுக்கு மின்சார சவரக் கருவி பாதுகாப்பானது. கிளினிக்கில் வைத்தியரிடம் கேளுங்கள்.

ஒருவருடைய அலகால் இன்னொருவருக்கு வழிக்காதீர்கள். தகப்பனும் மகனுமானாலும் வேண்டாம். ஈரலைத் தாக்கும் ஹெப்பரைற்றிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே அதற்குப் போதும். சலூனிலும் உங்கள் முன்னால் புது அலகு மாற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கழித்த அலகை முற்றத்தில் எறியாதீர்கள். மூடியுள்ள வெற்று ரின் ஒன்றில், மூடியில் சிறு வெட்டுப் போட்டு, உண்டியலைப் போல அதற்குள் இடுங்கள். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டிலும், மனம் சோர்ந்து வாழ்வை வெறுத்துப் பேசும் ஒருவர் உள்ள வீட்டிலும் புதிய அலகுகளையும் பூட்டியே வையுங்கள்.

கடைசியாக, கண்ணாடியை மறக்காதீர்கள். வழிக்கும்போது அவர் முன்னால் ஒரு முகக் கண்ணாடி இருக்கட்டும். தொடங்குமுன் அவரிடம் கேளுங்கள். மீசை வைப்பதா, எடுப்பதா, கிருதா எவ்வளவு என்பதெல்லாம் அவரது முடிவு. கையை இழந்தவர் தன் முகத்தின் மீதான உரிமையையும் இழக்கத் தேவையில்லை.

அந்த வீட்டுக்குப் புதிய அலகுப் பெட்டி ஒன்று வந்தது. சலூனுக்கு ஓட்டோவில் போய்வரும் செலவோடு பார்த்தால் அதன் விலை சிறியது. முதல் நாள் நானும் பக்கத்தில் இருந்தேன். அக்காவின் கை நடுங்கியது. ஒரு கன்னம் முடிந்ததும், “எரியுதே?” என்று கேட்டார். அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே, “மற்றப் பக்கத்தையும் எடு. மீசையை விடு” என்றார்.

சடங்குப் படத்தைப் பிறகு காட்டினார்கள். மகளுக்குப் பக்கத்தில் மீசையோடு நிற்கிறார் தகப்பன். நாடியிலே ஒரு சிறு கீறல் தெரிகிறது. “அது நான் போட்டது” என்று சிரித்தார் அக்கா.